டயரில் ஏறிய வெள்ளை

போத்தனூரில் சகாயராஜ் என்று ஒருவன். வார நாட்களில் பல்செட்டு செய்வான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே மேசையில் உள்ளங்கைக்குள் அடங்கும் கார்கள் செய்வான். வயது இருபத்தெட்டுதான். ஆனால் குட்டிக் கார் பைத்தியம் பிடித்த கோயம்புத்தூர்க்காரர்களுக்கெல்லாம் அவன்தான் வாத்தியார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் எதிரே உட்கார்ந்திருந்த சீடருக்கு ஐம்பத்தாறு வயது. பெயர் மருதாசலம், பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். ஊரே அவரை வாத்தியார் என்று கூப்பிட, அவர் சகாயராஜை வாத்தியாரே என்று கூப்பிடுவார். அதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷம்.

ஆனால் மனசுக்குள் ஒரு குறை. அவர் மனைவி மனோன்மணி ஐம்பது வயதுக்கு மேல் ஜீப் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து இவர் பாடம் நடத்திய நடத்தலில், வண்டியைப் பற்றி இவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். எதிர்வீட்டில் சொல்வாள், பால்காரரிடம் சொல்வாள். இவர் தலையைக் கண்டால், "சாப்பாடு போடட்டுங்களா?" என்பாள். அன்று காலை முதல் தடவையாகத் தனியாக ஜீப்பில் வால்பாறை மலைக்குக் கிளம்பினாள். "போயிட்டு வந்தர்றனுங்க." அவ்வளவுதான் பேச்சு.

சாயங்காலம் அவள் திரும்பும்போது, அவளுடைய சிவப்பு ஜீப்பையே குட்டியாகச் செய்து கையில் கொடுத்தால் வாய் திறப்பாள் என்று மனுஷர் நம்பினார். வண்டி முடிந்துவிட்டது. டயர் எழுத்துதான் பாக்கி. டயரின் பக்கவாட்டில் புடைத்து நிற்கும் அந்த வெள்ளை எழுத்து இல்லாமல் அது அவள் ஜீப்பே ஆகாது.

மருதாசலம் மூச்சை அடக்கிக்கொண்டு, ஊசிமுனைப் பிரஷ்ஷை வெள்ளைப் பெயிண்டில் தோய்த்தார். கடுகளவு எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுதினார். ஆங்கில ஆர் எழுத்தின் கால் கோணலாக இருந்தது. அதைக் கொஞ்சம் இழுத்துத் திருத்தினார். வெள்ளை வழிந்து கறுப்பில் இறங்கியது. துடைத்துவிட்டு மறுபடி எழுதினார். மறுபடியும் வழிந்தது. அலமாரியில் இருந்த பல்செட்டு அத்தனையும் அவரைப் பார்த்து இளித்தன.

"என் கை நடுங்குதுங்களா வாத்தியாரே?"

"இல்லீங்க சார்."

"பிரஷ் மோசமுங்களா?"

"நல்ல பிரஷ்ஷுங்க."

"அப்பறம் எப்படித்தானுங்க இதை எழுதறது?"

சகாயராஜ் டயரைக் கையில் எடுத்தான். பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் துடைத்து அவர் கையில் வைத்தான்.

"கண்ணை மூடிட்டு விரலால தடவுங்க சார். என்ன தட்டுப்படுது?"

"எழுத்துங்க."

"யார் எழுதுனதுங்க?"

"யார் எழுதுவாங்க? அச்சுலயே வந்ததுங்க."

"அப்ப நீங்க எதை எழுதறீங்க?"

மருதாசலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

சகாயராஜ் ஒரு தட்டைப் பிரஷ்ஷை எடுத்தான். வெள்ளையில் தொட்டான். தொட்டதைக் காகிதத்தில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அட, எல்லாம் போயிருச்சே!"

"இருக்கிறது போதுமுங்க."

பிரஷ்ஷைப் படுக்கவைத்து, டயரின் மேல் பட்டும் படாமலும் தடவினான். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி தடவினான். புடைத்த இடத்தில் மட்டும் வெள்ளை ஒட்டி, கறுப்பிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளுத்து எழுந்து வந்தன. கோணல் காலோடு ஆரும் வந்தது. அந்தக் கோணலும் அழகாகத்தான் இருந்தது.

"அடடடா!" என்று மருதாசலம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேவிட்டார். அடுத்த டயரை அவரே செய்தார். வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. பள்ளிக்கூடத்தில் யாராவது பார்த்தால் சாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டிருப்பார்கள், அப்படி ஒரு குதூகலம்.

கடைசி டயரை முடிக்கும்போது போன் அடித்தது. மனோன்மணி. கையெல்லாம் பெயிண்ட் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, வால்பாறை வந்துட்டனுங்க. டீ குடிக்க நிறுத்தியிருக்கேன்."

"சரி, எறங்கறப்ப கியரை…"

மறுமுனை சட்டென்று அமைதியானது. மருதாசலமும் நிறுத்திக்கொண்டார். துடைத்து வைத்திருந்த பிரஷ் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"கியர்னு என்னமோ சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல அம்மிணி. அங்க மழைங்களா?"

மறுமுனையில் டீ கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"மழையா? ஏனுங்க, பாதி மலையில மேகம் வண்டிக்குள்ளயே வந்துருச்சுங்க! கண்ணாடியை ஏத்தவே மனசு வரல. ஒரு வளைவுல எதுத்தாப்ல பஸ்ஸு. நான் ஒதுங்கறதுக்குள்ள டிரைவரே ஒதுங்கி, போங்கக்கான்னு கை காட்டறாரு. எனக்கு ஒரே சிரிப்பு. தனியா சிரிச்சுட்டே ஓட்டுனனுங்க!"

"அப்பறம்?"

அப்புறமும் சொன்னாள். ரோட்டோரத்தில் சிங்கவால் குரங்கைப் பார்த்ததைச் சொன்னாள். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் ஜீப்போடு நின்று படம் எடுத்துக்கொண்டதைச் சொன்னாள். மருதாசலம் "ம்" என்றார், "அட" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. டீ ஆறிவிட்டதாம், இன்னொன்று வாங்கிக்கொண்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

கடைசியில், "ஏனுங்க, அடுத்த வாரம் நீங்களும் வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

மருதாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம் தாங்கவில்லை.

"வாத்தியாரே, கேட்டீங்களா? கூட வரச் சொல்றா! நான் ஒண்ணுமே சொல்லலீங்களே! இப்பவே திருப்பிக் கூப்பிட்டு, இனிமே பாடமே நடத்த மாட்டேன்னு வெளக்கமா சொல்லிரட்டுங்களா?"

சகாயராஜ் கடைசி டயரை மெல்ல விளக்கடிக்கு நகர்த்தினான்.

"காயட்டுமுங்க சார். ஈரத்துல விரலை வெக்காதீங்க."