மூன்று பைத்தான்களும் ஒரு பொறியாளரும்

“எங்க இருக்குன்னு நானே எழுதிக் குடுத்துட்டேன். அப்புறமும் காணோம்னு சொல்லுதே, இது என்ன அநியாயம் டீச்சர்?” என்று கேட்டார் தணிகாசலம்.

கேட்டவர் அணையின் செயற்பொறியாளர், வயது ஐம்பத்தாறு. டீச்சர் என்று அழைக்கப்பட்ட பியூலாவுக்கு முப்பத்தொன்று. பொறியாளர்களுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுக்க வந்தவர். முதலில் கேலிக்காகத்தான் டீச்சர் என்று கூப்பிட்டார் தணிகாசலம். மூன்று மாதத்தில் கேலி போய்விட்டது, டீச்சர் மட்டும் நின்றுவிட்டது.

மேலே மலையில் இரண்டு நாளாக விடாத மழை. மாலை நான்கு மணிக்கு மதகைத் திறந்தே ஆக வேண்டும்.

திறந்தால் கீழே பொன்னரசி நகருக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்? பழைய அட்டவணையில் அந்த நகரே கிடையாது. அங்குள்ள முந்நூற்று நாற்பது வீடுகளும் பிற்பாடு முளைத்தவை. கணக்கைக் காட்டாமல் ஜனங்களை வெளியேற்றும் உத்தரவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மாவட்ட அதிகாரி சொல்லிவிட்டார். மூன்று மணிவரை கெடு.

கணக்குப் போடும் நிரலைத் தணிகாசலம் எழுதிவிட்டார். ஆனால் அது ஓட வேண்டியது மாவட்டத் தலைநகரில், இவர்கள் இருவரும் கண்ணால் பார்க்காத ஒரு மெஷினில். மழை அளவுகள் எல்லாம் அங்கேதான் வந்து சேர்கின்றன.

எந்த மெஷினில் ஓட்டுகிறோமோ அந்த மெஷினிலேயே நிரலை ஓடும் வடிவத்துக்குக் கட்டியெடுக்க வேண்டும். கட்டுவதற்கு இரண்டு பொருள் தேவை. ஒன்று, பைத்தான் என்ற நிரல்மொழியின் வரிகளைப் படித்து நடத்திவைக்கும் இன்டர்பிரெட்டர். இன்னொன்று, அந்த இன்டர்பிரெட்டருக்கென்றே அமைந்த லைப்ரரி, அதாவது துணை நிரல்களின் தொகுப்பு.

அணை அலுவலகத்து மெஷினில் ஒத்திகை பார்த்தார்கள். ஒத்திகையிலேயே காலை வாரிவிட்டது.

“உங்க லேப்டாப்ல?”

“ஜம்முனு ஓடுது.”

“இங்க?”

“லைப்ரரியைக் காணோமாம்.”

பியூலா திரையை எட்டிப் பார்த்தார். முதல் வரியிலேயே தணிகாசலத்தின் சொந்த லேப்டாப்பில் லைப்ரரி இருக்கும் இடத்தின் பாதை, அவர் பெயரோடு, பல்லை இளித்துக்கொண்டு நின்றது.

பியூலா கையை நீட்டி அந்த வரியை அழித்தார்.

“டீச்சர்!”

“இந்த மெஷினுக்குள்ள தணிகாசலம்னு யாரும் இல்லையே சார்.”

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மனிதர் பிடித்தால் உடும்புப்பிடி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மெஷினின் மூலைமுடுக்கெல்லாம் தேடினார். ஒரு மணி நேரத்தில் ஒன்றுக்கு மூன்று பைத்தான் இன்டர்பிரெட்டர்கள் அகப்பட்டன.

ஒன்று மெஷினோடு வந்தது. ஒன்று, யாரோ ஒருவர் போட்டுவிட்டு மாற்றலாகிப் போனது. மூன்றாவது, மதகுக்குக் கேமரா மாட்ட வந்தவர்கள் தங்கள் வேலைக்காக வைத்தது. மூன்றுக்கும் தனித்தனி லைப்ரரி.

இருப்பதிலேயே பெரிய பதிப்பு எண் கொண்ட லைப்ரரி எதுவோ, அதன் பாதையைத் தணிகாசலம் எழுதினார். புதுசுதானே நல்லது?

கட்டிவிட்டது. ஒரு குறையும் சொல்லாமல் கட்டிவிட்டது. தணிகாசலம் மேஜையைத் தட்டி எழுந்தார். உற்சாகத்தோடு ஓட்டினார். ஒரே ஒரு வரி பிழை வந்தது, நிரல் மண்டையைப் போட்டது.

“கட்டிருச்சு டீச்சர்.”

“ஓடிச்சா?”

“அதுதான் இல்ல.”

“லைப்ரரி எங்கன்னு யாரைக் கேட்டீங்க?”

“யாரைக் கேக்கணும்? நானேதான் தேடிக் கண்டுபிடிச்சேன்.”

பெருமையாகத்தான் சொன்னார். பியூலா அந்த வரியையும் அழித்தார்.

தணிகாசலத்துக்கு வந்ததே கோபம். முகம் சிவந்து, குரல் உடைந்தது.

“கீழ முந்நூத்தி நாப்பது வீடு இருக்கு. கைக்குழந்தை இருக்கு, நடக்க முடியாதவங்க இருக்காங்க. நான் எழுத எழுத நீங்க அழிச்சுட்டே இருந்தா எப்படி?”

“நான் எழுதித் தரட்டுமா சார்? அஞ்சு நிமிஷ வேலை.”

தணிகாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனசு சபலப்பட்டது உண்மை. ஆனால் நாளைக்கு பியூலா வேறு அணையில் இருப்பார். மழை மறுபடியும் வரும்.

“ரெண்டரை வரைக்கும் விடுங்க. அதுக்கு மேல முடியலேன்னா நீங்க எழுதுங்க, நான் பேசாம நிக்கேன்.”

“சரி சார்.”

மணி ஒன்றேமுக்காலுக்கு மதகு ஆபரேட்டர் இசக்கிமுத்து நனைந்துபோய் உள்ளே வந்தார். திறப்பதற்கு முன் மதகைப் போய்ப் பார்த்தாக வேண்டும். காதில் போன், மறுமுனையில் மின்நிலையத்துக்காரர்கள். மதகுக்குக் கரண்ட் எப்போது வரும் என்று ஒரே வாக்குவாதம்.

“சார், அவரு பூட்ஸை எடுத்துட்டு வந்து குடுத்துருங்களேன். பேசி முடிச்சதும் கிளம்பட்டும்” என்றார் பியூலா.

தணிகாசலம் பொருள் அறைக்கு ஓடினார். அங்கே அலமாரியில் பதினோரு ஜோடி ரப்பர் பூட்ஸ். இசக்கிமுத்து ஆள் நல்ல உயரம். இருப்பதிலேயே பெரியதும் புதியதுமான ஜோடியை எடுத்து வந்தார்.

இசக்கிமுத்து காலை விட்டு இரண்டு எட்டு வைத்தார். கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை.

“இது கேமராக்காரங்க விட்டுட்டுப் போனதுல்லா சார்” என்று சொல்லிவிட்டு மறுபடி போனில் சண்டைக்குப் போனார்.

தணிகாசலம் மறுபடி ஓடினார். இரண்டாவது ஜோடி பெருவிரலில் கடித்தது. மூன்றாவது ஜோடிக்குக் கிளம்பியபோது பியூலா வாசலில் நின்றிருந்தார். நிலையில் கையை ஊன்றி, வழியை அடைத்துக்கொண்டு.

“வழி விடுங்க டீச்சர். இன்னும் ஒம்பது ஜோடி இருக்கு, விட மாட்டேன்.”

பியூலா நகரவில்லை. கையையும் எடுக்கவில்லை.

தணிகாசலம் அவரைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, வெறுங்காலோடு நின்றிருந்த இசக்கிமுத்துவைப் பார்த்தார்.

“உம்ம பூட்ஸ் எங்கவே இருக்கு?”

இசக்கிமுத்து போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

“ஜீப்புல, பின்சீட்டுக்கு அடியில கிடக்கு சார்.”

தணிகாசலம் ஓடிப்போய் அதை எடுத்து வந்து கொடுத்தார். அப்புறம் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தார்.

காலையிலிருந்து எழுதிய பாதைகளில் மிச்சமிருந்ததை அவரே அழித்தார். இரண்டே இரண்டு வரி எழுதினார். இந்த நிரலை ஓட்டப்போகும் பைத்தான் எதுவோ அதைப் பிடி, இது முதல் வரி. உன் லைப்ரரி எங்கே என்று அதனிடமே கேள், இது இரண்டாவது.

கேட்டதும் சொல்லிவிட்டது. காலையில் இவர் மூன்று முறை தாண்டிப்போன இடம்.

கட்டியது. ஓடியது.

பியூலா இரண்டு வரிகளையும் நிதானமாகப் படித்தார். எதையும் அழிக்கவில்லை.

நிரல் மாவட்டத் தலைநகருக்குப் போனது. அங்கே மெஷினைப் பார்த்துக்கொள்ளும் நிர்மலாவிடமிருந்து இரண்டே முக்காலுக்கு போன் வந்தது.

“சார், இங்க பைத்தான் நாலஞ்சு கிடக்கு. எதுன்னு கேட்டா என்ன குடுக்கணும்?”

“கேக்காதும்மா.”

“லைப்ரரி?”

“அதையும் கேக்காது.”

“எங்க மெஷின்ல அது எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?”

“தெரியாதும்மா. ஓட்டுங்க.”

விசைகள் தட்டுப்படும் சத்தம் கேட்டது. தணிகாசலம் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் பயமாகத்தான் இருந்தது.

“கட்டிருச்சு சார். லைப்ரரி கிடைச்சுதுன்னு ஒரு பாதை காட்டுது, நீளமா இருக்கு. படிக்கவா?”

“வேண்டாம்மா. பொன்னரசி நகருக்கு எத்தனை மணின்னு மட்டும் படிங்க.”

விசைகள் மறுபடி தட்டுப்பட்டன.

“ஆறு நாப்பது சார்.”

சுவர்க் கடிகாரத்தில் மூன்றாக ஒன்பது நிமிடம் இருந்தது.

“கையெழுத்து வாங்குங்க” என்றார் தணிகாசலம்.