குறையில்லாத எண்ணெய்

கரூர்ப் பக்கம் ஒரு கல்குவாரியில் இயந்திரங்களுக்கு கிரீஸ் வைக்கிறவள் செவ்வந்தி. புல்டோசரின் இன்ஜின் எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது, ஓட்டக்கூடாது என்று ஒரு வாரமாக மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்; அவர் கேட்கவில்லை. சரிவில் இன்ஜின் நின்றால் ஆள் பிழைக்கமாட்டான். அதை ஓட்டுகிறவன் அவள் புருஷன்.

முதலாளி வந்த அன்று, அவர் முன்னாலேயே மேனேஜர் தணிகாசலம் ஒரு பாட்டிலை அவளிடம் நீட்டினார்.

"இருநூறு மணி நேரம் ஓடின எண்ணெய். இன்ஜின்ல இருந்து என் கையாலயே எடுத்தேன். இதுல ஒரு குறை காட்டு. இல்லேன்னா புருஷனும் பொண்டாட்டியும் நடையைக் கட்டுங்க."

செவ்வந்தி பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தாள். தேன் மாதிரி மின்னியது.

"ஒரு குறையும் இல்லைங்க சார்."

"அப்படி வா வழிக்கு!"

"அதாங்க குறை. டீசல் இன்ஜின்ல ஊத்தின எண்ணெய் ஒரே நாள்ல கருத்துப்போயிடும். இருநூறு மணி நேரம் ஓடியும் கருக்கலைன்னா, இது இன்ஜினுக்குள்ளயே போகலைங்க. புது டின்ல இருந்து நேரா பாட்டிலுக்கு வந்திருக்கு."

முதலாளி தானே புல்டோசரில் ஏறி, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். தண்ணீர் கலந்த எண்ணெய் பால் டீ நிறத்தில் நுரையாக ஒட்டி வந்தது.

"சாவியை அவகிட்ட குடுய்யா. இனிமே அவ சரின்னு சொன்னாத்தான் வண்டி கிளம்பணும்."

தணிகாசலம் நீட்டிய சாவியை, கிரீஸ் கையைத் துடைக்காமலே செவ்வந்தி வாங்கிக்கொண்டாள்.