காவல்காரி கொம்பாயியும் கடுகளவு கல்லும்

"கெக்! கெக்! கெக்கெக்கே!"

அலறல்தான் முதலில் வந்தது. புழுதி அப்புறம்தான் கிளம்பியது. குளத்தில் வாய் வைத்திருந்த புள்ளிமான்கள் நாலா பக்கமும் தெறித்து ஓடின. குட்டிகள் தாயைத் தேடி இடறி விழுந்தன.

புழுதி அடங்கியது. சிறுத்தையைக் காணோம். அதன் வாடைகூட இல்லை.

மான்களின் தலைவன் வீரணன் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, குளத்தின் மேல் சாய்ந்து நின்ற மருத மரத்தை அண்ணாந்து பார்த்தது.

"ஏ கொம்பாயி! எங்க சிறுத்தை?"

உச்சிக் கிளையில் கொம்பாயி என்ற மந்தி சுருண்டு கிடந்தது. அந்தக் குளத்துக்கு அதுதான் காவல்.

"சிறுத்தை இல்லண்ணே... வலி. பின் இடுப்புல யாரோ கொம்பால குத்தி, அப்படியே அடிவயிறு வரைக்கும் கிழிச்சு இழுக்கிற மாதிரி..."

"வலிக்கா இந்தக் கத்து கத்தின? இது ரெண்டாவது தரம்! நேத்து நீ கத்தி நாங்க ஓடினதுல ஒரு சினைமான் காலை ஒடிச்சுக்கிட்டுக் கிடக்கு, தெரியுமா?"

இதற்குள் வலி போய்விட்டிருந்தது. வரும்போது எப்படிச் சொல்லாமல் வந்ததோ, அப்படியே சொல்லாமல் போயிற்று. கொம்பாயி நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்து ஓர் இளம் கலைமான் சிரித்தது.

"பாத்தீங்களா! நம்ம தலைவரைக் கண்டா வலிக்கே பயம்!"

கூட்டம் முழுக்கச் சிரித்தது.

கொம்பாயி தன் இனத்தாரால் துரத்தப்பட்டு வந்த மந்தி. தனி மந்திக்குக் காட்டில் ஆயுசு குறைவு. "மேலேருந்து நான் உங்களுக்குக் கண்ணு, கீழேருந்து நீங்க எனக்கு மூக்கு" என்று மான்களிடம் பேசி இந்த மரத்தில் இடம் பிடித்திருந்தது. இடம் கொடுத்த அன்றே வீரணன் கறாராகச் சொல்லிவிட்டது: "மரம் குளத்து மேல சாஞ்சிருக்கு. நாங்க குடிக்கிற தண்ணி இது. மேலேருந்து ஒரு சொட்டு விழக்கூடாது, ஆமா!"

நியாயம்தானே என்று கொம்பாயி மூத்திரம் முட்டும்போதெல்லாம் இறங்கி, தூரத்துப் புதர்வரை போய் வந்தது. "இது இறங்கிப் போற நேரம் பார்த்துச் சிறுத்தை வந்தா?" என்று மான்கள் முணுமுணுத்தன.

கொம்பாயி யோசித்தது. குடித்தால்தானே போக வேண்டும்? குடிப்பதை விட்டுவிட்டது. இலையில் இருக்கும் ஈரமே போதும் என்று இருந்தது.

கோடை வந்தது. இலைகள் சுருண்டன. நாக்கு மரப்பட்டை மாதிரி காய்ந்தது. காலுக்குக் கீழேயே குளம் பளபளத்துக்கொண்டு கிடந்தது. கொம்பாயி அதைப் பார்க்காமல் தூரத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டது.

"காவல்னா எங்க கொம்பாயிதான்! விடிய ஏறினா பொழுது சாயத்தான் இறங்கும்!" என்று வீரணன் அடுத்த கூட்டத்திடம் பெருமை பேசியது. அந்தப் பேச்சு கொம்பாயிக்குத் தண்ணீரைவிட இனித்தது. உடம்புக்குள்ளே உப்போடு உப்பு ஒட்டிக் கல்லாகிக்கொண்டிருந்தது அதற்குத் தெரியாது.

இப்போது வீரணன் முன்காலால் தரையைக் கீறியது.

"கடைசியாச் சொல்றேன். சிறுத்தை இல்லாம இந்த மரத்துலேருந்து இன்னொரு சத்தம் வந்துச்சு, நாங்க வேற மந்தியைப் பார்த்துக்குவோம். நீ உன் வழியைப் பார்த்துக்க!"

"இனி கத்தமாட்டேண்ணே."

"சத்தியமா?"

"சத்தியமா."

கூட்டம் கலைந்தது. செவந்தி என்ற பெண்மான் மட்டும் நின்றது. அது ஈன்ற குட்டி மரத்தடிப் புல்லில் ஒளிந்து படுத்திருந்தது.

"அக்கா, நிசமாவே வலிக்குதா?"

"இப்ப இல்ல."

"வந்தா எப்படி இருக்கும்?"

"உக்காந்தா நிக்கணும்போல இருக்கும். நின்னா படுக்கணும்போல இருக்கும். படுத்தா செத்துடலாம்போல இருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நமக்கு முன்னால அது அங்க போய் உக்காந்திருக்கும். போகணும்னு முட்டும். போனா நாலு சொட்டு, அதுவும் செவப்பா."

"இதைத் தலைவர்கிட்டச் சொல்லக்கூடாதா?"

"வலி இல்லாதப்ப சொன்னா கதைவிடுறேங்கிறாரு. வலிக்கிறப்ப எனக்குப் பேச்சு வரல செவந்தி, கத்துதான் வருது."

செவந்தி குட்டியை ஒருமுறை நக்கிவிட்டது. "உங்க கண்ணை நம்பித்தான் இவனை இங்க படுக்க வச்சுட்டு மேயப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனது.

உச்சிவெயிலில் மறுபடி வந்தது வலி.

கொம்பாயி கிளையைக் கட்டிப் பிடித்தது. கத்து தொண்டைவரை ஏறியது. மரப்பட்டையைக் கடித்து அதை உள்ளே தள்ளியது. குமட்டிக்கொண்டு வந்தது. கீழே குளம். ஒரு சொட்டு விழக்கூடாது. அதையும் விழுங்கியது. வேர்வை கண்ணில் இறங்கியது. கண்ணை மூடக்கூடாது என்று அதற்குத் தெரியும். மூடாமல் இருக்க முடியவில்லை.

திறந்தபோது, மரத்தடிப் புல் காற்றில்லாமல் அசைந்தது. காற்றுக்கு எதிராக வந்திருந்தது சிறுத்தை. மான்களின் மூக்குக்கு அது எட்டவில்லை.

கத்த வேண்டும். ஆனால் தொண்டையில் நிற்பது எந்தக் கத்து? வலியா, சிறுத்தையா? பல் பட்டையில் கிட்டித்துக்கொண்டிருந்தது. அது பிரிந்து வருவதற்குள் கீழே ஒரு சின்னக் கனைப்பு கேட்டது. ஒன்றே ஒன்றுதான். அப்புறம் புல்லில் எதையோ இழுத்துப் போகும் சத்தம்.

மான்கள் ஓடி வந்து சேர்ந்தபோது, புல்லில் குட்டி படுத்திருந்த பள்ளம் மட்டும் இருந்தது. அதில் சூடு ஆறவில்லை.

"காவல் இருந்து என்ன கிழிச்ச!" வீரணன் மரத்தை முட்டியது. "ஏன் கத்தல?"

"நீங்கதானே கத்தாதேன்னீங்க."

"வலிக்குக் கத்தாதேன்னுதான் சொன்னேன்! சிறுத்தைக்குக் கத்த வேண்டியதுதானே!"

"ரெண்டுக்கும் ஒரே வாய்தாண்ணே."

வீரணன் குளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டது. சிரிக்க இந்த முறை ஒருவருக்கும் தோன்றவில்லை.

செவந்தி அந்தப் பள்ளத்தை முகர்ந்துகொண்டே நின்றது. தலை நிமிராமல் சொன்னது:

"இறங்கி வாங்க. தண்ணி குடிங்க."

அக்கா என்று அது சொல்லவில்லை.

"செவந்தி, நான்..."

"உங்க மேல இரக்கப்பட்டுச் சொல்லல. இன்னொருத்தி குட்டியும் இங்கதான் படுக்கணும். அதுக்காகச் சொல்றேன். நீங்க இறங்குற நேரம் எங்கள்ல ஒருத்தர் மேட்டுல நின்னு பார்ப்போம். போய்க் குடிங்க."

யாரும் மறுக்கவில்லை. கொம்பாயி இறங்கி, மான்களுக்கு நடுவே குனிந்து வயிறு முட்டக் குடித்தது. அன்று முதல் நாளெல்லாம் குடித்தது. புதருக்கும் குளத்துக்குமாக நடந்தது. ஒரு காலையில் புதரோரம் உயிர் போகிற மாதிரி வலித்து, ரத்தத்தோடு கல் வந்து விழுந்தது.

வீரணன் வந்து குனிந்து பார்த்தது. ஒரு கடுகளவுதான் இருந்தது.

"இதுவா?" என்றது.

"இதுதாண்ணே" என்றது கொம்பாயி.

கொம்பாயி மரத்தில் ஏறித் தன் கிளையில் உட்கார்ந்தது. கீழே, பால் கட்டிய மடியோடு செவந்தி தலையைக் குனிந்து புல் மேயத் தொடங்கியது.

வலிக்கிறது என்று சொல்ல விடாத இடத்தில், ஆபத்து என்று சொல்லவும் வாய் இருக்காது.