அடிவரை போகாத அகப்பை

ஒரு பள்ளிவாசலின் சமையல் கொட்டகையில் ஓர் அண்டாவும் ஓர் அகப்பையும் இருந்தன. ரமலான் வருகிறதென்று இரண்டுக்கும் ஈயம் பூசிக் கொண்டுவந்தார்கள்.

அந்தப் பளபளப்பில் அகப்பைக்குப் பக்தி முற்றிவிட்டது. முதல் நோன்பன்று கஞ்சி வாங்க வரிசையில் நின்ற பாத்திரங்களிடம் அது சொன்னது:

"தெரிந்தோ தெரியாமலோ நான் தப்பு செய்திருந்தால் எல்லாரும் மாப்புச் செய்துவிடுங்கள். மனசு சுத்தமாக இருக்கவேண்டிய மாசம்."

முன்னால் நின்றது சபுராவின் தூக்குச்சட்டி, அடியில் ஒடுக்கு விழுந்த அலுமினியச் சட்டி. சபுராவும் பிள்ளைகளும் நோன்பு திறக்க வீட்டில் வேறொன்றும் கிடையாது.

"தெரியாமல் செய்ததை விடு. தெரிந்து செய்ததைச் சொல்லு" என்றது அது. "போன வருஷம் நீ ஊற்றிய கஞ்சிக்குள்ளே என் ஒடுக்கு தெரிந்தது. அரிசியும் கறியும் கீழே கிடக்க, மேலாகத் தண்ணியை அள்ளி ஊற்றினாய்."

"ஒரு வருஷமாகவா மனசில் வைத்திருக்கிறாய்?"

"வயிற்றில்தான் ஒன்றும் நிற்கவில்லை. மனசிலாவது நிற்கட்டுமே."

அண்டா குலுங்கிச் சிரித்தது. அகப்பைக்குக் கோபம். அன்றைக்கும் மேலாகவே அள்ளி ஊற்றியது.

"கீழே தணல் கிடக்குது. அடிவரை போய்க் கிளறு அப்பா" என்றது அண்டா.

"கெட்டியானது பள்ளிவாசல் தலைவர் வீட்டுக் கேரியருக்கு. நீ சும்மா இரு."

அங்கே சபுரா வீட்டில் சின்னவள் சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "உம்மா, இந்த வருஷமும் தண்ணிதானா?"

வரிசையெல்லாம் கலைந்தபிறகு ஐந்தடுக்குக் கேரியர் ஆடி அசைந்து வந்தது. அகப்பை ஆசையாக அடிவரை முங்கியது. வறட்டென்று சத்தம். கரியோடு மேலே வந்தது.

"சீ, என்ன தீய்ஞ்ச வாடை!" கேரியர் மூடியைச் சாத்திக்கொண்டது.

"உனக்கென்றே பத்திரமாக வைத்திருந்தேன்..."

"தெரியுது, தெரியுது. இதற்குத் தண்ணியே தேவலை."

சமையல்கார மஸ்தான் பாய் அகப்பையைச் சாம்பல் போட்டு விறுவிறுவென்று தேய்த்தார். புதுசாகப் பூசிய ஈயமும் கொஞ்சம் கரியோடு போயிற்று.

மறுநாள் தூக்குச்சட்டி வந்தது. அகப்பை பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. கழுத்துவரை முங்கி, அடியைக் கிளறி, கெட்டியாக அள்ளி ஊற்றியது. பிறகு மெல்லக் கேட்டது.

"மாப்பு?"

தூக்குச்சட்டி தன் உள்ளே நன்றாகப் பார்த்தது.

"இன்றைக்கு ஒடுக்கு தெரியவில்லை" என்றது. "பெருநாள்வரை பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."