ஊளைக்கு முன்னால் ஒரு சத்தம்

தேக்கங்காட்டுக் குளத்தங்கரையில் வேலாத்தா என்றோர் ஆள்காட்டிக் குருவி மூன்று குஞ்சுகளோடு இருந்தது. போன தடவை பொரித்த குஞ்சுகள் அத்தனையையும் நரி தின்றுவிட்டது, பாவம்! இந்த மூன்றையாவது பறக்கும்வரை காப்பாற்றிவிட வேண்டும் என்று அதற்கு ஒரே கவலை. சரியாக இரை எடுக்காது, கண்ணயராது.

பறவைச் சத்தம் பதிய வந்த யாரோ ஒருவர் தம் சின்ன ரெக்கார்டரைக் கரையில் மறந்துவிட்டுப் போனார். குரங்கு முத்தாண்டி அதை எடுத்துக்கொண்டது. எந்தப் பொத்தானை அமுக்கினால் பதியும், எதை அமுக்கினால் பதிந்தது கேட்கும் என்பதெல்லாம் சீக்கிரமே அதற்கு அத்துப்படி.

"கவலையை விடு வேலாத்தா! பிள்ளைகளுக்கு விளையாட்டாகவே பாடம் சொல்லிக் கொடுத்துடலாம்!" என்றது முத்தாண்டி.

காடெல்லாம் சுற்றிச் சத்தங்களைப் பதிந்துகொண்டு வந்தது. பொத்தானை அமுக்கும். தவளை கத்தினால் "தவளை!" என்று குஞ்சுகள் கூவ வேண்டும். எருமை செருமினால் "எருமை!" நரி ஊளையிட்டால் மட்டும் வாயே திறக்காமல் கல்லோடு கல்லாகப் படுத்துவிட வேண்டும். குஞ்சுகளுக்கு ஒரே கும்மாளம்.

கடைக்குட்டி பொடியன்தான் ஆட்டத்தைக் கெடுத்தது. ஊளை வருவதற்கு முன்பே படுத்துவிடும்.

"அம்மா, இவன் ஏமாத்துறான்!" என்றது மூத்த குஞ்சு.

"இல்லம்மா! ஊளைக்கு முன்னாடி 'சரக்... சரக்'னு கேக்குதே!" என்றது பொடியன்.

"அது சருகுடா, அவசரக்குடுக்கை! நரி கத்தின பிறகு படு!" என்று வேலாத்தா அதன் தலையில் செல்லமாக ஒரு கொத்துக் கொத்தியது.

ஒரு சாயங்காலம் குஞ்சுகள் கரையில் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தன. பொடியன் சட்டென்று தரையில் ஒட்டிக்கொண்டது.

"அம்மா, நரி! 'சரக்... சரக்'னு கேக்குது!"

"ஊளையே கேக்கலையேடா!" என்று மற்றவை சிரித்தன.

வேலாத்தாவும் திட்டத்தான் வாயெடுத்தது. அப்போதுதான் அதற்கு உறைத்தது. இரை பிடிக்க வருகிற நரி ஊளையிட்டுக்கொண்டா வரும்? போன தடவைகூடத் தின்று முடித்த பிறகுதானே ஊளையிட்டது!

"படுங்கடா எல்லாரும்!"

குஞ்சுகள் படுத்ததும் புதருக்குள்ளிருந்து நரி தலையை நீட்டியது. வேலாத்தா சிறகொடிந்ததுபோல் அதன் முன்னால் நொண்டி நொண்டி ஓடியது. "நல்ல இரை மாட்டிச்சு!" என்று நரி துரத்தியது. குளத்தின் மறுகரை வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், விருட்டென்று பறந்துவிட்டது வேலாத்தா!

நரி திரும்பி வந்து தேடியது. எங்கே பார்த்தாலும் கூழாங்கற்கள்தான். முணுமுணுத்துக்கொண்டே காட்டுக்குள் போய்விட்டது.

வேலாத்தா ஓடி வந்து பொடியனைச் சிறகுக்குள் அணைத்துக்கொண்டது. "சொன்னியே ராசா, நான்தான் காது கொடுக்கலை!" என்று அழுதேவிட்டது. சத்தம் கேட்டு வந்த முத்தாண்டி தலையைச் சொறிந்தது.

"நாளைக்கே அந்த ஊளையை அழிச்சுட்டு, நரி மிதிக்கிற சருகுச் சத்தத்தை மட்டும் வச்சுடறேன்!"

உரக்கக் கேட்பது எல்லார் காதிலும் விழும். அதற்கு முன்னால் மெல்லக் கேட்பதையும் கவனிப்பவரே ஆபத்திலிருந்து தப்புவார்.