புரொப்பல்லரை மட்டும் மாத்தணும்

ஏழுமடையில் புத்திசாலிகளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இருந்தார்கள். ஆளாளுக்கு வேலை கிடைத்துத் திருப்பூருக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் சேர்ந்து மின்படகுக் கழகம் ஆரம்பித்தார்கள்.

கழகம் என்றால் மூன்று பேர். ஜெராக்ஸ் கடை பக்கிரிசாமி தலைவர். பரோட்டா மாஸ்டர் தியாகேசன் செயலாளர். இரண்டு பேரும் பதவியை எடுத்துக்கொண்டால் யாருக்குத்தான் தலைமை தாங்குவது என்று ஜெகபரை உறுப்பினராகச் சேர்த்தார்கள். கழகத்தின் சொத்து ஒரே ஒரு படகு. முழ நீளம் இருக்கும், பேட்டரியில் ஓடும், கரையில் நின்று ரிமோட்டால் ஓட்ட வேண்டும்.

காணும் பொங்கலன்று கோயில் குளத்தில் ஏழுமடைக்கும் பக்கத்து ஊர் கீழமடைக்கும் படகுப் பந்தயம். எதிர்ப் படித்துறையை முதலில் தொடுகிற படகு ஜெயிக்கும். தோற்றவர் ஜெயித்தவரின் படகைத் தலையில் சுமந்து, மேளதாளத்தோடு குளத்தைச் சுற்றி வர வேண்டும். கீழமடைப் படகு பக்கிரிசாமியின் மைத்துனர் கல்யாணசுந்தரத்துடையது. அது தோற்றதே கிடையாது. ஆகவே வருஷா வருஷம் சுமந்தது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இந்த வருஷம் மார்கழி பிறந்ததுமே செண்பகம் தன் புருஷன் பக்கிரிசாமியைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"ஏங்க, இன்னொரு தடவை எங்கண்ணன் படகை நீங்க தலையில தூக்குனா, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். ஆனா அங்க அண்ணன் இருக்கு, பெருமை பேசியே என்னைக் கொன்னுடும். அதனால நீங்க எங்கம்மா வீட்டுக்குப் போயிடுங்க. அங்கயே இருந்துக்குங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து பக்கிரிசாமி செண்பகத்தை விட்டு ஓர் இரவு கூடத் தங்கியதில்லை. அவளுடைய திட்டு காதில் விழாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மாமியார் வீட்டிலோ எழுந்ததும் மைத்துனர் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

கழகம் அவசரமாகக் கூடியது, படகைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்குப் போனது. அங்கே ரிமோட் சாமான்கள் விற்கும் இம்மானுவேல் படகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மோட்டார் நல்லாயிருக்கு, பேட்டரி நல்லாயிருக்கு. பின்னால சுத்தி தண்ணியைத் தள்ளுது பாருங்க, இந்தப் புரொப்பல்லர்தான் சரியில்லை. ரொம்பப் பெரிசா மாட்டினா மோட்டார் சூடேறும், ரொம்பச் சின்னதுன்னா தள்ளாது. மூணு தர்றேன், ஒண்ணொண்ணா மாட்டி ஓட்டிப் பாருங்க. ஓட்டினதும் மோட்டாரைத் தொட்டா கை பொறுக்கணும். முக்கியமா ஒண்ணு. புரொப்பல்லரை மட்டும்தான் மாத்தணும். மத்தது எதையும் மாத்தக் கூடாது."

மூவரும் அதை மந்திரம் மாதிரி ஒப்பித்துக்கொண்டே பஸ் ஏறினார்கள்.

முதலில் இரண்டு இலை வைத்த வெள்ளைப் புரொப்பல்லர். கோயில் குளத்தில் விட்டதும் படகு சீறிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய்த் திரும்பியது. அந்த நேரம் பார்த்து அஞ்சலையம்மாளின் எருமை படித்துறையில் இறங்கி, படகைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் குடித்தது. ஜெகபர் ஒரு தும்மல் போட்டார். படகைத் தூக்கினால் மோட்டாரிலிருந்து புகை வந்தது.

தியாகேசன் விரலை வைத்து அழுத்தினார். இருபது வருஷமாகத் தோசைக்கல்லில் கை வைத்துப் பரோட்டா புரட்டுகிறவர். "கை பொறுக்குது" என்றார்.

பக்கிரிசாமியும் தொட்டார். விரல் கொப்பளித்துவிட்டது.

"ஒரு கை பொறுத்துடுச்சு, ஒரு கை பொறுக்கலை. பாதி பாஸ்" என்றார் ஜெகபர்.

"புகை வருதேய்யா."

"புகையைப் பத்தி இம்மானுவேலு ஒண்ணும் சொல்லலியே, தலைவரே."

மறுநாள் மூன்று இலைப் புரொப்பல்லரை மாட்டி, பேட்டரியைச் சார்ஜில் போடப் போனார் பக்கிரிசாமி. தியாகேசன் பாய்ந்து கையைப் பிடித்தார்.

"என்ன தலைவரே, மத்தது எதையும் மாத்தக் கூடாதுன்னு அவரு தலையில அடிச்சுக்கிட்டாரு. நேத்து ஓடுன பேட்டரிக்குப் புதுசா சார்ஜ் ஏத்துனா அது வேற பேட்டரி ஆயிடாதா?"

பக்கிரிசாமி நாக்கைக் கடித்துக்கொண்டு சார்ஜரை வைத்துவிட்டார். செயலாளர் மட்டும் இல்லையென்றால் கழகம் குட்டிச்சுவராகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

குளக்கரையில் ஜெகபருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "நேத்து படகு தண்ணியை எல்லாம் பின்னால தள்ளிக்கிட்டே போச்சே. அந்தத் தண்ணி இப்ப எங்க இருக்கோ?"

நியாயமான கேள்வி. மூன்று பேரும் ஆளுக்கொரு வாளியில் இந்தக் கரைத் தண்ணீரை மொண்டு அந்தக் கரையில் ஊற்றினார்கள். போதும் என்று தியாகேசன் சொன்னபோது மத்தியானம் ஆகியிருந்தது. பிறகு ஜெகபர் தும்முவதற்கு மூக்குப்பொடி வாங்கி வந்தார்கள், எருமையையும் அவிழ்த்து வந்தார்கள். எருமை தண்ணீர் குடித்தது, ஆனால் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு குடித்தது.

"நேத்து படகைத்தானே பாத்துச்சு?" என்றார் தியாகேசன் கவலையோடு.

எருமைக்கு யார் புத்தி சொல்வது? கடைசியில் பக்கிரிசாமியே ஒரு வழி கண்டுபிடித்தார். ஊறவைத்த கடலைப் புண்ணாக்கைப் படகின் பின்பக்கத்தில் கெட்டியாக அப்பினார்கள். அதன்பின் எருமை படகைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

படகு முக்கி முனகிப் போய் வந்தது. மோட்டார் வெதுவெதுப்பாக இருந்தது. முக்கால் பாஸ்.

மூன்றாம் நாள் பித்தளைப் புரொப்பல்லர். வாளி, பொடி, புண்ணாக்கு, எருமை, எல்லாம் முறைப்படி நடந்தது. படகைத் தண்ணீரில் விட்டார்கள். விட்ட இடத்தில் நின்றது. பக்கிரிசாமி ரிமோட்டை அமுக்கு அமுக்கு என்று அமுக்கினார். அது பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது.

தியாகேசன் மோட்டாரைத் தொட்டார். பக்கிரிசாமி கொப்பளித்த விரலாலேயே தொட்டார். பானைத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது.

"ரெண்டு கையும் பொறுக்குது. முழு பாஸ்" என்றார் ஜெகபர்.

"படகு நகரலியேப்பா" என்று பக்கிரிசாமி மெதுவாக இழுத்தார்.

"நகர வேண்டியது பந்தயத்தன்னிக்குத் தலைவரே. இன்னிக்கே நகர்ந்துட்டா அன்னிக்கு என்ன பண்ணும்?"

பக்கிரிசாமி அந்தப் புரொப்பல்லரையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். பித்தளையும் பளபளவென்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

காணும் பொங்கலன்று குளத்தைச் சுற்றிக் கூட்டம். செண்பகம் முன்வரிசையில் நின்றாள். கழகம் வாளி, பொடி, புண்ணாக்கு, எருமை சகிதம் வந்து சேர்ந்தது.

விசில் ஊதியதும் கீழமடைப் படகு பறந்தது. ஏழுமடைப் படகு நின்றது. பக்கிரிசாமி ரிமோட்டை அமுக்கியபடியே செண்பகத்தைப் பார்த்தார். தலையணையை எடுத்துக்கொண்டு மாமியார் வீட்டுப் படியேறுவது போலத் தோன்றி, அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கடமை தவறாத ஜெகபர் தும்மினார். அன்றைக்குப் பொடி கொஞ்சம் தூக்கல். வெடி போட்ட மாதிரி இருந்தது அந்தத் தும்மல். மிரண்ட எருமை தண்ணீருக்குள் தொபுக்கென்று பாய்ந்தது. இத்தனை நாளாகக் கண்ணால் மட்டும் பார்த்த புண்ணாக்கு மூக்குக்கு நேரே இருந்தது. நக்கியது. படகு முன்னால் போனது. எருமை நீந்திப் போய் மறுபடியும் நக்கியது. படகு மறுபடியும் போனது.

எருமை பாய்ந்ததில் கிளம்பிய அலை நடுக்குளத்தில் கீழமடைப் படகைக் கவிழ்த்துவிட்டது. அதன் புரொப்பல்லர் மேகத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருக்க, ஏழுமடைப் படகு நக்கு நக்காக நகர்ந்து எதிர்ப் படித்துறையில் முட்டியது.

விழாக் குழுத் தலைவர் தலையைச் சொறிந்தார். "படகைக் கையால தள்ளக் கூடாதுங்கறது விதி. யாராவது கை வெச்சீங்களா?"

"இல்லீங்க. நாக்கு மட்டும்தான்" என்றார் தியாகேசன்.

விதியில் நாக்கைப் பற்றி ஒன்றும் இல்லாததால் ஏழுமடை ஜெயித்ததாக அறிவித்தார்கள். செண்பகம் முகமெல்லாம் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பக்கிரிசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணசுந்தரம் துண்டைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"குடுங்க மாப்ளே. தோத்தது தோத்ததுதான், நான் தூக்குறேன்."

பக்கிரிசாமி படகை நீட்டப் போனார். தியாகேசன் தொண்டையைக் கனைத்தார்.

"ஒரு நிமிஷம், தலைவரே. வருஷா வருஷம் தூக்குறது யாரு?"

"நான்தான்."

"யாரு படகை?"

"மச்சான் படகை."

"அதை மாத்தலாமா?"

பக்கிரிசாமி யோசித்தார். அப்புறம் செண்பகத்தைப் பார்த்தார். மறுபடியும் யோசித்தார். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் தியாகேசன் சொன்னதில் ஓட்டை இல்லை. மைத்துனரின் சும்மாட்டை வாங்கித் தன் தலையில் வைத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட அவருடைய படகைத் தூக்கிக்கொண்டார். மேளம் முழங்கியது.

குளத்தைச் சுற்றி வந்தபோது செண்பகம் கீழமடைக்குப் போகும் ரோட்டைக் கையால் காட்டினாள். பக்கிரிசாமி படகை இறக்காமலே அந்தப் பக்கம் திரும்பி நடந்தார். கல்யாணசுந்தரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

"மாப்ளே, நீங்கதானே ஜெயிச்சீங்க. ஊரே சிரிக்குது, இறக்கி வைங்க."

"பேசாம வாங்க மச்சான்" என்றார் பக்கிரிசாமி. "அடுத்த வருஷமும் நாங்க ஜெயிக்க வேணாமா?"