கூட்டாளிகளால் வளர்ந்த டிரம்

சென்னைக்குத் தெற்கே, கண்ணாடிக் கட்டடங்களின் முதுகுப்பக்கம் ஒரு சந்து இருந்தது. நான்கு நாளுக்கு ஒருமுறை அந்தச் சந்துக்குத் தண்ணீர் லாரி வரும். வீட்டுக்கு ஒரு டிரம் வாசலில் காத்திருக்கும். லாரிக்காரர் ஏகாம்பரம் ஓஸ் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு டிரம்மாக நிரப்பிக்கொண்டே போவார்.

அந்த டிரம்களில் ஒன்று நீல நிறம். அது மட்டும் படித்த டிரம்.

படித்தது பள்ளிக்கூடத்தில் அல்ல. ஒரு மென்பொருள் கம்பெனியின் கூட்ட அறையில் அது மூன்று வருஷம் நின்றிருந்தது. அங்கே ஏசி ஒழுகியது. ஏசியைப் பார்த்துக்கொள்வது ஒரு கூட்டாளி நிறுவனத்தின் பொறுப்பு. அந்த நிறுவனம் அதை இன்னொரு கூட்டாளியிடம் கொடுத்திருந்தது. அந்த இன்னொரு கூட்டாளி யார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே ஒரு டிரம்மைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருக்க, டிரம் எல்லாக் கூட்டங்களையும் கேட்டது. பேச்சு ஒன்றுதான். எல்லாவற்றையும் தானே செய்கிறவன் வளர மாட்டான். நம்மைத் திறந்து வைக்க வேண்டும். மற்றவர்கள் தங்கள் சரக்கோடு வந்து நம்மோடு இணைய வேண்டும். அவர்கள் விற்பதற்கு நாமே ஒரு சந்தை போட வேண்டும். இந்தப் பேச்சில் தப்பு ஒன்றும் இல்லை. அந்தக் கம்பெனி அப்படித்தான் நாலு பேரிலிருந்து நாலாயிரம் பேராக ஆனது. ஆன பிறகு பெரிய கட்டடத்துக்குப் போனது. போகும்போது டிரம்மைத் தரை துடைக்கும் தனபாக்கியத்திடம் கொடுத்துவிட்டுப் போனது.

டிரம் அதைப் பதவி உயர்வு என்று எடுத்துக்கொண்டது.

தனபாக்கியம் வீட்டு வாசலில் நின்றதும் அது கூட்டாளிகளைத் தேடத் தொடங்கியது. முதலில் ஒரு எவர்சில்வர் சொம்பு வந்து விளிம்பில் தொங்கியது. தண்ணீரை மொள்ள வசதியாகப் போயிற்று. பிறகு ஒரு மூடி வந்தது. கொசு நின்றது. இரண்டும் நல்ல ஏற்பாடு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

அதற்குள் தனபாக்கியத்தின் மகள் அமுலு பேறுகாலத்துக்காகத் தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். நிறைமாத வயிற்றோடு குனிந்து மொள்வது அவளுக்குக் கஷ்டம். தனபாக்கியம் ஒரு கம்பியைப் பழுக்கக் காய்ச்சி டிரம்மின் அடிப்பக்கம் ஓர் ஓட்டை போட்டு, அதில் ஒரு பிளாஸ்டிக் குழாயைத் திருகினாள். திருகினால் தண்ணீர், மூடினால் நின்றது. சந்திலிருந்த பெண்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டு, டிரம் என்றால் இதுதான் டிரம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

டிரம் அன்று நாள் முழுவதும் யோசித்தது. இத்தனை நாள் கிடைக்காத பெயர் இன்று கிடைத்திருக்கிறது. இன்று புதிதாக நடந்தது என்ன? ஓர் ஓட்டை விழுந்தது. அப்படியானால் வளர்ச்சிக்குக் காரணம் ஓட்டை.

இப்படி ஒரு முடிவுக்கு வருவதற்கு மூன்று வருஷப் படிப்பு வேண்டும். படிக்காத டிரம்முக்கு இது வராது.

அடுத்த வாரமே அமுலுவுக்கு வலி கண்டது. தனபாக்கியம் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பத்து நாள் திரும்பவில்லை. பூட்டிய வீடு என்று லாரிக்காரரும் தண்ணீர் விடாமல் போக, காலி டிரம் வாசலில் தனியாக நின்றது. சந்தை போட இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா?

காலண்டர் மாட்டியிருந்த ஆணி ஒன்று சுவரை விட்டு இறங்கி வந்து தொழில்நுட்பத் தலைவராகச் சேர்ந்தது. டிரம் அறிவிப்பு கொடுத்தது. யார் வேண்டுமானாலும் வரலாம், ஆளுக்கு ஓர் ஓட்டை தரப்படும், அதன் வழியே இணைந்து அவரவர் தொழிலைப் பார்க்கலாம்.

முதல் நாள் ஒரு புனலும் ஒரு சோப்புப் பெட்டியும் வந்தன. இரண்டாம் நாள் ஒரு கதவுத் தாழ்ப்பாள் வந்தது. டிரம்மில் கதவு இல்லையே என்று ஆணி கேட்டதற்கு, வருங்காலத்தில் வரலாம் என்றது தாழ்ப்பாள். அந்தத் தொலைநோக்கு டிரம்முக்குப் பிடித்துவிட்டது. பழைய ரேடியோ ஏரியல் ஓர் ஓட்டை வாங்கியது. சாவிக்கொத்து ஒன்று வாங்கியது. ஷூ லேஸ் தனக்கு வரிசையாக எட்டு ஓட்டை வேண்டும், அதுவும் அடிமட்டத்தில் வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு டிரம்மோடு பேசிக்கொள்வேன் என்றது. எட்டும் கொடுக்கப்பட்டன.

எட்டாம் நாள் ஒரு தக்கை வந்தது. இந்த ஓட்டைகளை அடைப்பதுதான் தன் தொழில் என்று அடக்கமாகச் சொன்னது. டிரம் மகிழ்ந்துபோய், பாதுகாப்புக்கு ஒரு கூட்டாளி அவசியம் தேவை என்று சொல்லி, தக்கைக்கென்று புதிதாக ஓர் ஓட்டை போட்டுக் கொடுத்தது. தக்கை அதில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது.

மூடிக்கு மட்டும் இடம் போயிற்று. திறந்த கொள்கை உள்ள இடத்தில் மூடி என்று ஒருவர் இருப்பது கொள்கைக்கே விரோதம் என்று சொல்லி அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார்கள். மற்றக் கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்துக்கொண்டார்கள். ஏரியல் சோப்புப் பெட்டிக்குக் கொடுத்தது. சோப்புப் பெட்டி தாழ்ப்பாளுக்குக் கொடுத்தது. எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

கடைசியாகச் சொம்பின் முறை வந்தது.

"நீ மட்டும் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கிறாய். முறையாக இணையவே இல்லை. உனக்கும் ஓர் ஓட்டை போட வேண்டும்" என்றது டிரம்.

"உனக்குத்தானே போடுகிறாய்? எனக்கு எதற்கு?"

"இரண்டு பக்கமும் ஓட்டை இருந்தால்தான் இணைப்பு."

"ஓட்டை போட்டால் என்னிடம் தண்ணீர் நிற்காதே."

"தண்ணீர் நிற்க வேண்டும் என்பது பழைய எண்ணம். எவ்வளவு நிற்கிறது என்று இப்போது யாரும் பார்ப்பதில்லை. நம் வழியாக எவ்வளவு போகிறது என்றுதான் பார்க்கிறார்கள்."

சொம்பு ஒன்றும் ஞானி இல்லை. அதற்கு ஆணியைக் கண்டால் பயம், அவ்வளவுதான். மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றது. அதன் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, விளிம்பிலிருந்து தள்ளி, வாசற்படியில் உருட்டிவிட்டார்கள்.

பத்தாம் நாள் பொழுது சாய்ந்த பிறகு தனபாக்கியம் மகளோடும் பேரப்பிள்ளையோடும் வந்து சேர்ந்தாள். அசதியில் அவள் எதையும் கவனிக்கவில்லை. மறுநாள் லாரி வரும் நாள். எடுத்த லீவும் முடிந்துவிட்டது. விடியும் முன்னே வேலைக்குக் கிளம்பியவள் வாசலில் நின்று சொன்னாள்.

"லாரி வந்தா டிரம்ம ரொப்பிக்கோ அமுலு. நீ ஒண்ணும் தூக்காத, பச்ச உடம்பு. மதியானமா கொழந்தைக்கு வெந்நி வச்சு ஊத்திடு. ஆஸ்பத்திரி வாடை போவட்டும். இத வச்சுதான் நாலு நாள் ஓட்டணும்."

பத்தரை மணிக்கு லாரி வந்தது. ஏகாம்பரம் ஓஸை நீல டிரம்முக்குள் விட்டார்.

டிரம்மின் வாழ்க்கையில் அதுதான் பொன்னான நேரம். மேலிருந்து தண்ணீர் கொட்டியது. ஏரியலைச் சுற்றி வழிந்தது. தாழ்ப்பாளின் இரண்டு பக்கமும் பீறிட்டது. புனல் வழியாகப் பாய்ந்து பக்கத்திலிருந்த சுவரை நனைத்தது. ஷூ லேஸின் எட்டு ஓட்டையிலும் எட்டு வாய்க்கால் ஓடியது. தக்கை இருந்த இடத்தில் மட்டும் ஒரு சொட்டு வரவில்லை. அது தன் கடமையைச் சரியாகச் செய்தது.

எதிர் வீட்டு டிரம் சற்று முன்புதான் நாலே நிமிஷத்தில் நிறைந்து ஓய்ந்திருந்தது. நீல டிரம் அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. பாவம், அதன் வளர்ச்சி அங்கேயே நின்றுவிட்டது என்று கூட்டாளிகளிடம் சொன்னது. இவ்வளவு தண்ணீர் இந்தச் சந்தில் எந்த டிரம் வழியாகவும் போனதில்லை என்றும் சொன்னது. அது உண்மைதான்.

கால் மணி நேரம் கழித்து ஏகாம்பரம் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா இது, ரொம்பவே மாட்டேங்குது?"

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்த அமுலு தெருவைப் பார்த்தாள். தண்ணீர் சாக்கடையில் போய் விழுந்துகொண்டிருந்தது. கையால் ஓர் ஓட்டையை அடைத்தாள். பக்கத்து ஓட்டையில் கூடுதலாக வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் படியில் கிடந்த சொம்பை எடுத்துச் சோப்புப் பெட்டியின் கீழே பிடித்தாள். அது நிறைவதற்குள் ஏகாம்பரம் ஓஸை உருவிவிட்டார்.

"ஊட்டுக்கு ஒரு டிரம்முதாம்மா. ஒனக்கு நாலு டிரம்மு தண்ணி உட்டுட்டேன். இனிமே உட்டா கடைசி ஊட்டுக்காரங்க என்னைச் சும்மா உடமாட்டாங்க."

லாரி போய்விட்டது. டிரம்மில் இருந்த கடைசிச் சொட்டையும் ஷூ லேஸ் ஓட்டைகள் இழுத்துக்கொண்டன. வீட்டில் மிஞ்சியது முக்கால் சொம்புத் தண்ணீர். அமுலு அதைச் சுட வைத்துத் துணியை நனைத்துக் குழந்தையைத் துடைத்தாள். குளிப்பாட்ட முடியவில்லை. குடிக்கவும் தண்ணீர் இல்லை.

இதற்கு நடுவே டிரம் கூட்டம் போட்டது. இன்று ஒரு பச்சைக் குழந்தைக்கே நம் சந்தையின் மூலம் சேவை போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அறிவித்தது. சொம்பின் பெயர் பட்டியலில் மறுபடி ஏறியது. முதல் கூட்டாளி என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது. சொம்பைக் கேட்டு யாரும் இதைச் செய்யவில்லை.

சாயங்காலம் தனபாக்கியம் வந்தாள். டிரம்மைச் சுற்றி வந்து பார்த்தாள். ஓட்டைகளை எண்ணப் போனவள் பாதியில் விட்டுவிட்டாள். உள்ளே அமுலுவின் உதடு காய்ந்துபோயிருந்தது. பால் சரியாக வரவில்லை, குழந்தை அழுதுகொண்டிருந்தது.

அந்தச் சந்தில் தீப்பெட்டி கேட்கலாம், சர்க்கரை கேட்கலாம், கட்டிக்கொண்டு போகப் புடவைகூடக் கேட்கலாம். தண்ணீரை மட்டும் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. எல்லாருக்கும் அதே ஒரு டிரம், அதே நான்கு நாள். இருபது வருஷத்தில் தனபாக்கியம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டு எதிர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"பவளம் அக்கா, ஒரே ஒரு சொம்பு. புள்ள பெத்தவ குடிக்கிறதுக்குக்கூட இல்ல."

பவளம் தன் டிரம்மைத் திறந்து சொம்பை முக்கி, தளும்பத் தளும்ப எடுத்துக் கொடுத்தாள். தனபாக்கியத்துக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு சொட்டும் சிந்தாமல் சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

வாசலில் நின்ற நீல டிரம் இதையெல்லாம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கூட்டாளிகள் பக்கம் திரும்பியது.

"பார்த்தீர்களா? நம் சொம்பு எதிர் வீட்டுக்குள்ளேயும் போய்விட்டது. நாம் வளர்கிறோம்."